ஓர்க்குகளுக்குக் குலசாமி எது?

ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோபிக்குப் பக்கத்தில் எங்கள் அம்முச்சி (அம்மாவின் அம்மா) வீட்டுத் திண்ணையில் பாய் விரித்து ஐந்து பேர் பகடை உருட்டிக்கொண்டிருந்தோம். தாயம் இல்லை, இது கதை விளையாட்டு. ஒருவன் கதை சொல்லுவான், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக உள்ளே நுழைந்து என்ன செய்கிறேன் என்று சொல்லுவார்கள், நடக்குமா நடக்காதா என்பதை இருபது முகப் பகடை முடிவு செய்யும். அன்று கதை சொல்லுகிறவன் நான். மலை இடுக்கில் ஓர்க் என்கிற முரட்டு அரக்க இனத்தின் குடியிருப்பு ஒன்று, நாளைக்கு அவர்கள் கீழே இருக்கிற ஊரைக் கொள்ளையடிக்கப் போகிறார்கள், இன்றைக்கு ராத்திரி சாமி கும்பிடுகிறார்கள். முன்னேற்பாடாக ஒரு தாளில் எழுதி வைத்திருந்ததைப் பெருமையாகப் படித்தேன்: போருக்கு ஒரு சாமி, பலத்துக்கு ஒரு சாமி, இருட்டுக்கு ஒன்று, நோய்க்கு ஒன்று.

நடையில் உட்கார்ந்து கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்த அம்முச்சி கேட்டது: "ஏங்கண்ணு, இத்தன சாமி சொல்றியே, அதுகளுக்குக் குலசாமி எது?"

"எல்லாத்துக்கும் ஒரே பெரிய சாமிதான் அம்முச்சி, கிரூம்ஷ்னு பேரு."

"அது ஊருக்குச் சாமி. வூட்டுக்கு எது? மொட்டை எங்க போடுவாங்க? கிடா யாருக்கு வெட்டுவாங்க?"

என்னிடம் பதில் இல்லை. பகடையை உருட்டிப் பேச்சை மாற்றினேன். ஆனால் அந்தக் கேள்வி போகவில்லை. கற்பனை உலகங்களில் ஓர்க்குகளின் மதம் என்று எழுதி வைத்திருப்பதையெல்லாம் திரும்ப எடுத்து அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டே படித்தேன். நல்லதாக எழுதப்பட்ட ஓர்க் மதம் எதுவோ அது அம்முச்சியின் கேள்விக்குப் பதில் சொல்கிறது, மற்றதெல்லாம் என் தாளைப் போல வெறும் இலாகாப் பட்டியல்.

முதலில் பேரிலிருந்து ஆரம்பிக்கலாம், ஏனென்றால் பேரிலேயே ஒரு சாமி ஒளிந்திருக்கிறது. ஓர்க் என்றால் பச்சைத் தோலும் கோரைப் பல்லுமாக ஒரு முரட்டு இனம் என்று இன்றைக்கு எல்லோருக்கும் தெரியும். அந்தச் சொல்லுக்கு மூலமாகப் பலரும் காட்டுவது ஓர்கஸ். பழைய ரோமானியர்களுக்குப் பாதாளத்தின் தெய்வம், சத்தியத்தை மீறினவனைத் தண்டிக்கிற தெய்வம். கிறிஸ்தவம் பரவியபின் பழைய தெய்வங்களுக்கு என்ன ஆகுமோ அதுதான் இதற்கும் ஆனது. பழைய ஆங்கிலச் சொற்கோவைகளில் 'ஓர்க்' என்றால் பூதம், நரகப் பிசாசு என்று பொருள் எழுதியிருக்கிறது. பியோவுல்ஃப் என்கிற பழைய ஆங்கிலக் காவியத்தின் 112ஆம் வரியில் பூதங்களின் வரிசையில் 'ஓர்க்னேயாஸ்' என்று ஒரு கூட்டம் வருகிறது. அந்தப் பழைய சொல்லை எடுத்துத்தான் லார்ட் ஆஃப் த ரிங்ஸ் எழுதிய டோல்கீன் தன் அரக்கப் படைக்குப் பேர் வைத்தார். ஆக ஓர்க் என்பதே பதவி இறக்கப்பட்ட ஒரு தெய்வத்தின் பேர். இது நமக்குப் புதிதில்லை. ரிக் வேதத்தில் வருணனையே அசுரன் என்று மரியாதையாகக் கூப்பிடுகிற பாட்டுகள் உண்டு, பிற்பாடுதான் அசுரன் என்றால் தேவர்களுக்கு எதிரி என்றானது. பக்கத்தில் ஈரானில் அப்படியே தலைகீழ்: அங்கே அகுரா உயர்ந்த கடவுள், தேவா என்றால் பிசாசு. இரண்டு வீட்டுக்காரர்கள் ஒரே சொற்களை வைத்துக்கொண்டு ஒருத்தர் சாமியை ஒருத்தர் பேயாக்கியிருக்கிறார்கள். (கொடிவேரி அணையிலிருந்து எங்கள் பக்கத்துக்குத் தண்ணீர் கொண்டு வருகிற ஒரு வாய்க்காலுக்கே அரக்கன்கோட்டை என்று பேர். அந்தத் தண்ணீரில் விளைந்த நெல்லைத் தின்றுவிட்டு அரக்கர்களைப் பற்றி யாரும் ரொம்பக் கேவலமாகப் பேச முடியாது.)

டோல்கீன் தன் ஓர்க்குகளுக்குக் கோயில் குளம் எதையும் காட்டவில்லை. அவர்களுக்கு எசமான் உண்டு, பயம் உண்டு, கும்பிடு இல்லை. படையாக மட்டும் வந்து போகிறவரைக்கும் அது போதும். விளையாட்டுக்குள் வந்தபிறகுதான் சிக்கல். விளையாடுகிறவன் ஓர்க் குகைக்குள் நுழைந்து, இது என்ன கல், இங்கே ஏன் ரத்தம் காய்ந்திருக்கிறது என்று கேட்பான், அதற்குப் பதில் வேண்டும். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்கிற கதை விளையாட்டில் 1980இல் கிரூம்ஷ் என்கிற ஒற்றைக்கண் தெய்வம் வந்தது. 1982இல் ரோஜர் மூர் அந்த விளையாட்டின் பத்திரிகையில் எழுதிய ஒரு கட்டுரையில் மீதிக் குடும்பமும் வந்து சேர்ந்தது. அந்தக் கட்டுரையில்தான் ஓர்க் மதத்தின் மூலக்கதையும் இருக்கிறது. என்னைக் கேட்டால் இந்த விஷயத்தில் அதற்கப்புறம் யாரும் அதைவிட நல்ல கதை எழுதவில்லை.

கதை இதுதான். உலகம் உண்டானபோது எல்லா இனத்துத் தெய்வங்களும் கூடி, யாருடைய மக்கள் எங்கே குடியிருப்பது என்று சீட்டுப் போட்டார்கள். மனிதர்களின் தெய்வத்துக்கு எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்று விழுந்தது. எல்ஃப் என்கிற கூர்க்காது இனத்துக்குக் காடு, குள்ளர்களுக்கு மலை, சின்ன உருவக்காரர்களுக்குக் குன்றும் வயலும். கடைசியில் ஓர்க்குகளின் தெய்வத்திடம் வந்து, இடமெல்லாம் தீர்ந்துபோச்சு, உன் மக்கள் எங்கே போவார்கள் என்று எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். கிரூம்ஷ் கொதித்துப் போனான். ஈட்டியால் மலையைப் பிளந்து, இந்தப் பிளவில் இருப்பார்கள் என்றான், காட்டைக் கருக்கி, வயலைச் சிதைத்து, இங்கேயும் இருப்பார்கள் என்றான். உங்களுக்குக் கொடுத்ததையெல்லாம் என் மக்கள் ஒரு நாள் எடுத்துக்கொள்வார்கள் என்று சொன்னான்.

இதைப் படிக்கிற வெளிநாட்டு வாசகனுக்குப் பெரிய தெய்வ யுத்தம் கண்ணில் தெரியலாம். கொங்கு நாட்டில் பிறந்த எவனுக்கும் இது என்ன கதை என்று மூன்றாவது வரியிலேயே தெரிந்துவிடும்: பாகப்பிரிவினை. பங்காளிகள் பூமியைப் பிரிக்கும்போது இன்றைக்கும் இப்படித்தான் நடக்கிறது. பெரிய மனுசர்கள் நாலு பேர் உட்கார்ந்து, மேடு பள்ளம் பார்த்து, கிணற்றுத் தண்ணீர் யாருக்கு எந்தக் கிழமை, தென்னை எத்தனை, வண்டித்தடம் எந்தப் பக்கம் என்று கூட்டிக் கழித்துப் பாகம் போடுவார்கள். அப்புறம் சீட்டு எழுதி, சுருட்டிச் சொம்பில் போட்டு, விவரம் தெரியாத சின்னக் குழந்தை ஒன்றைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வார்கள். குழந்தை எடுத்தால் அது சாமி எடுத்த மாதிரி. எடுத்தபிறகு யாரும் வாய் திறக்கக் கூடாது. அந்த ஏற்பாட்டின் சூட்சுமமே அதுதான், யாரையும் குற்றம் சொல்ல முடியாதபடி குற்றத்தைச் சொம்புக்குள் போட்டு மூடிவிடுவது.

ஆனால் மனசு கேட்குமா? எங்கள் அப்பிச்சியின் (அம்மாவின் அப்பா) அண்ணன் ஒருத்தருக்கு அப்படி விழுந்த பாகத்தில் தடம் இல்லை. தன் காட்டுக்குப் போகத் தம்பி காட்டு வரப்பில்தான் போக வேண்டும். போனார், முப்பது வருசம் போனார், ஆனால் குலக்கோயில் பொங்கலுக்கு வந்தால் எல்லோரும் வரிசையாக அடுப்புக் கூட்டியிருக்க, அவர் மட்டும் பத்தடி தள்ளித் தனியாக மூன்று கல் வைத்துப் பொங்குவார். ஒரு வார்த்தை பேச மாட்டார். சாமிக்குப் படைக்கும்போது அவர் பொங்கல்தான் முதலில் போகணும், அவ்வளவுதான். இப்போது அவர் இல்லை, அவர் மகன் அதே இடத்தில் அதே மூன்று கல்லை வைக்கிறான். ஏன் என்று கேட்டால், "எங்க முறை அதுதானுங்க" என்கிறான். மனத்தாங்கல் இரண்டு தலைமுறையில் சடங்காகிவிட்டது. கிரூம்ஷின் மதம் முழுக்க இந்தப் பத்தடித் தூரத்தில் இருக்கிறது. ஓர்க் கோபக்காரன், அதனால் கோபக்காரச் சாமியைக் கும்பிடுகிறான் என்று எழுதுகிறவர்கள் காரணத்தைத் தலைகீழாகப் பிடிக்கிறார்கள். பாகத்தில் ஏமாந்தோம் என்கிற கணக்கு முதலில், சாமி அந்தக் கணக்கைக் காப்பாற்றி வைத்திருக்கிற ஆள், கோபம் வட்டி.

இன்னொன்றும் இதில் இருக்கிறது. கொங்கில் பழைய ஆட்கள் பேச்சில் குலக்கோயிலும் காணியும் சேர்ந்தே வரும். காணி என்றால் பூமி மேல் பாத்தியதை, காணியூர் என்றால் அந்தக் கூட்டத்தின், அதாவது குலத்தின், கோயில் இருக்கிற ஊர். இடம் இருந்தால்தான் சாமிக்கு இடம். அப்படிப் பார்த்தால், சீட்டில் ஒன்றுமே விழாத தெய்வத்துக்கு அவமானம் இரட்டிப்பு. மக்களுக்குக் குடியிருக்க இடமில்லை, அந்தச் சாமிக்கு உட்கார ஒரு கல் போட இடமில்லை.

அடுத்தது கண். எல்ஃப்களின் தெய்வமான கோரெல்லனோடு நடந்த சண்டையில் கிரூம்ஷுக்கு ஒரு கண் போனது என்பது கதை. சொல்லுகிறவன் யார் என்று பார்த்தால் ஜெயித்த கட்சி. எங்கள் ஆட்டத்தில் நான் ஓர்க் பூசாரிக் கிழவியை வேறு மாதிரி சொல்ல வைத்தேன்: "எங்க சாமிக்கு எப்பவுமே ஒரு கண்தான். இமைக்காத கண். புடுங்கினேன்னு சொல்றவன் பொய் சொல்றான்." அதே கிழவி ஒற்றைக் கண்ணோடு இருக்கிறாள், ஏனென்றால் கிரூம்ஷின் கண் என்று பட்டம் பெறுகிறவர்கள் தங்கள் கண் ஒன்றைத் தாங்களே தோண்டி எடுத்துவிடுவது வழக்கம். இது விளையாட்டு நூல்களிலேயே உள்ளது. இந்த இடம் வந்தவுடன் திண்ணையில் இருந்த ஐந்து பேரும் ஒரே சமயத்தில் "கண்ணப்பர்!" என்றோம்.

ஒப்பிட்டுப் பார்த்தால் சுவாரசியமாக இருக்கிறது. சேக்கிழார் சொல்லுகிற திண்ணன் காட்டு வேடன். வாயில் கொண்டுவந்த தண்ணீரைச் சாமிமேல் உமிழ்ந்து குளிப்பாட்டுகிறான், கடித்து ருசி பார்த்த பன்றிக்கறியைப் படைக்கிறான், முறையாகப் பூசை செய்கிற சிவகோசரியார் அதைப் பார்த்துப் பதறுகிறார். வெளியே இருந்து பார்த்தால் அது ஓர்க் பூசையேதான். ஆனால் திண்ணன் கண்ணைத் தோண்டினது சாமியின் கண்ணில் ரத்தம் வடிவதைப் பார்க்கப் பொறுக்காமல். சாமியின் வலியைத் தன் மேல் வாங்கிக்கொள்ளத்தான் அந்த அம்பு. ஓர்க் பூசாரியின் கண் எந்த வலியையும் ஆற்றுவதற்கில்லை. அது சாமியைப் போலவே தானும் ஆவது, அந்த வழக்கு இன்னும் முடியவில்லை என்று முகத்திலேயே எழுதி வைத்துக்கொள்வது. இரண்டும் ஒரே செயல், உள்ளே ஓடுகிற நீரோட்டம் வேறு. இந்த வித்தியாசத்தைப் பிடிக்காமல் வெறும் ரத்தத்தை மட்டும் காட்டினால் அது மதம் ஆகாது, கசாப்புக்கடை.

சரி, குடும்பத்துக்கு வருவோம். கிரூம்ஷின் பெண்டாட்டி லூதிக், குகைத் தாய். பிள்ளைப்பேறு, மருந்து, வீடு, எல்லாம் அவள் கையில். நீண்ட நகத்தால் பாறையைத் தோண்டிக் குகை செய்கிறவள் அவள்தான். மகன் பாக்ட்ரு பலசாலி, கொஞ்சம் மந்தம், காட்டு மாட்டின் மேல் ஏறி வருகிறவன். காங்கேயம் காளை வைத்திருக்கிற எந்த வீட்டிலும் அவனுக்கு ஒரு படம் மாட்டலாம். இல்நேவல் தளபதி, சண்டையைத் திட்டம் போட்டு நடத்துகிறவன். ஷர்காஸ் இருட்டு. யர்ட்ரஸ் நோயும் சாவும்: வெளுத்த கை, வாய் இல்லாத முகம், பேசவே பேசாது. இந்த ஆறு பேரையும் இலாகா மந்திரிகள் மாதிரி வரிசையாகப் படிக்கிற வரைக்கும் ஒன்றும் தோன்றாது. வீடாகப் படித்தால் எல்லாம் இடத்தில் உட்காரும். கிரூம்ஷ் வாசலுக்கு வெளியே நிற்கிற சாமி, எல்லையில் ஈட்டியோடு. நம் ஊரில் உருட்டி விழித்துக்கொண்டு வெட்டவெளியில் உட்கார்ந்திருக்கிற முனியப்பன் இடம் அது. லூதிக் வீட்டுக்குள் இருக்கிறவள். கொள்ளைக்குப் போகிற நாள் வருசத்தில் எத்தனை இருந்துவிடும்? பிள்ளை பெறுகிற, காய்ச்சல் அடிக்கிற, காயத்துக்குக் கட்டுப் போடுகிற நாள்தான் மீதி அத்தனையும். அதனால் நாள்தோறும் விளக்கு லூதிக்குக்குத்தான். யர்ட்ரஸைக் கும்பிடுவது, எங்கள் பக்கம் வந்துடாதே என்று கேட்டுக்கொள்வதற்கு. அம்மை போட்ட வீட்டில் வேப்பிலை கட்டி, சத்தம் போடாமல், தாளிக்காமல் இருக்கிற அந்த மரியாதையும் பயமும் கலந்த அமைதிதான் வாயில்லாத சாமிக்குச் செய்கிற பூசை.

அம்முச்சியின் கேள்விக்கு எனக்குக் கிடைத்த முதல் பதிலும் இதுதான். ஊருக்கு கிரூம்ஷ், வீட்டுக்கு லூதிக்.

ஆனால் எல்லா உலகத்து ஓர்க்குக்கும் இது பொருந்தாது. வார்ஹாமர் என்கிற போர்ப்பொம்மை விளையாட்டில் ஓர்க்குகளுக்கு இரண்டே சாமிகள், கோர்க், மோர்க். ஒன்று தந்திரமான முரடு, மற்றது முரட்டுத் தந்திரம், எது எது என்பதில் அவர்களுக்குள்ளேயே ஓயாத சண்டை. சிரிப்புக்காக எழுதியது என்று தாண்டிப் போகலாம், ஆனால் அதற்குள் ஒரு கறாரான யோசனை இருக்கிறது. அந்த உலகத்தின் எதிர்காலக் கதையில் ஓர்க்குகள் காளான் மாதிரி வித்துத் தூவி முளைக்கிறவர்கள். அம்மா இல்லை, தொட்டில் இல்லை, தாய்மாமன் சீர் இல்லை. தாயே இல்லாத இனத்துக்குத் தாய்த்தெய்வம் எப்படி வரும்? வரவில்லை. கூட்டம் கூடினால் அவர்கள் நம்புகிறதே நடந்தும் விடுகிறது, வண்டிக்குச் சிவப்புச் சாயம் அடித்தால் வேகமாக ஓடும் என்று எல்லோரும் நம்பினால் நிஜமாகவே ஓடுகிறது. அங்கே சாமி என்பது கூட்டத்தின் இரைச்சல். குலசாமிக் கேள்விக்கு அந்த உலகத்தின் பதில், குலமே இல்லையே என்பது.

வார்கிராஃப்ட் என்கிற கணினி விளையாட்டில் வேறு கதை. 1994இல் முதல் விளையாட்டு வந்தபோது பச்சை நிற எதிரிகள், அவ்வளவுதான். 2002இல் வந்த மூன்றாவதில்தான் அவர்களுக்கு ஒரு பழைய வாழ்வு கிடைத்தது. டிரேனார் என்கிற தங்கள் உலகத்தில் அவர்கள் நிலம், நீர், நெருப்பு, காற்று இவற்றின் ஆவிகளையும் இறந்துபோன முன்னோர்களையும் கும்பிட்டு வந்தார்கள். அப்புறம் பேய் மந்திரத்தின் பக்கம் திரும்பி, மேனரோத் என்கிற பிசாசின் ரத்தத்தைக் குடித்தார்கள், அந்த ஆவிகள் பதில் சொல்வதை நிறுத்திக்கொண்டன. அந்த அமைதிதான் அந்தக் கதையிலேயே எனக்குப் பிடித்த இடம். எங்கள் பக்கம் சாமி வந்து ஆடுகிற மருளாளி ஆடி முடித்துத் துவண்டு விழுந்தால், சாமி மலையேறிடுச்சு என்பார்கள். அது சாதாரணமாகச் சொல்லுவது, அடுத்த நோம்பிக்குத் திரும்ப இறங்கி வரும். மலையேறின சாமி திரும்ப வரவே இல்லை என்றால்? ஒரு தலைமுறையே உடுக்கை அடித்து, கூப்பிட்டு, ஒன்றும் இறங்காமல் நின்றால்? அந்த ஓர்க்குகளுக்கு நேர்ந்தது அது.

அதோடு அவர்கள் தங்கள் உலகத்தையே விட்டு வாசல் தாண்டி வேறொரு உலகத்துக்கு வந்துவிட்டார்கள். அங்கே தண்ணீர் வேறு, மண் வேறு. பிழைப்புக்காக ஊர் பெயர்ந்தவர்கள் நம்மிடம் கொஞ்சமா? போகும்போது பழைய கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துப் போவார்கள், போன இடத்தில் அதை வைத்து ஒரு கல் நடுவார்கள், அந்த நிமிசத்திலிருந்து சாமி அங்கேயும் உண்டு. டிரேனாரிலிருந்து யாராவது ஒரு கிழவி மடியில் ஒரு பிடி மண்ணை முடிந்துகொண்டு வந்திருக்க வேண்டும் என்று நான் நினைத்துக்கொள்வேன். விளையாட்டில் அப்படி ஒரு காட்சி இல்லை. இருந்திருக்கலாம். இந்தக் கதையில் செத்துப்போன முன்னோர்களே சாமி என்பதும் நமக்கு விளக்க வேண்டியதில்லை. கொங்கில் காட்டோரம் நிற்கிற புலிகுத்திக் கல்லெல்லாம் புலியோடு சண்டை போட்டுச் செத்தவர்கள், அண்ணமார் சாமிகள் என்று நாம் கும்பிடுகிற பொன்னரும் சங்கரும் சண்டைக்களத்தில் உயிர் விட்ட அண்ணன் தம்பிகள்தான். 1965இல் காங்கேயம் பக்கத்துக் கிராமத்தில் பிரெண்டா பெக் என்கிற ஆய்வாளர் அந்தக் கதையை ராத்திரி ராத்திரியாகப் பாடச் சொல்லிப் பதிவு செய்தார். அந்தக் கதையிலும் மையம் பூமிதான், பங்காளிகள்தான், காட்டுக்கும் கழனிக்கும் நடுவில் இருக்கிற கோடுதான்.

இந்த வரிசையில் எனக்கு ரொம்பப் பிடித்தது எல்டர் ஸ்க்ரோல்ஸ் என்கிற கணினி விளையாட்டு வரிசையின் மலகாத். முன்னால் அவன் பேர் டிரினிமாக், எல்ஃப்கள் கொண்டாடிய வீரத் தெய்வம். போய்தியா என்கிற இன்னொரு தெய்வம் அவனை விழுங்கி வெளியே தள்ளியது. வெளியே வந்தது மலகாத், அவனை நம்பின கூட்டமும் உருமாறி ஓர்க் ஆனது. ஓர்சிமர் என்கிற அவர்கள் பேருக்கே ஒதுக்கப்பட்டவர்கள் என்றுதான் பொருள். மலகாத் ஒதுக்கப்பட்டவர்களின் சாமி, கொடுத்த வாக்கைக் காக்கிற சாமி, சாபத்தின் சாமி. வாக்கைக் காக்கிற என்ற இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். பாதாளத்தில் உட்கார்ந்து சத்தியம் மீறினவனைத் தண்டித்த அந்த ரோமானிய ஓர்கஸ், பேரைப் பறிகொடுத்து இத்தனை நூற்றாண்டு பிசாசாக அலைந்து, கடைசியில் ஒரு விளையாட்டில் தன் பழைய வேலையைத் திரும்ப வாங்கிவிட்டான். எழுதினவர்கள் தெரிந்து செய்தார்களோ தற்செயலோ, அமைந்துவிட்டது.

அதே வரிசையில் 2011இல் வந்த ஆட்டத்தில் ஓர்க் கோட்டைகளுக்குள் போய்ப் பார்த்தால் சட்டப் புத்தகம் கிடையாது, சிறையும் கிடையாது. திருடாதே, உறவைக் கொல்லாதே, காரணமில்லாமல் அடிக்காதே. மீறினால் பணமாகக் கட்டு, இல்லாவிட்டால் ரத்தமாகக் கட்டு, போதும் என்று பாதிக்கப்பட்டவன் சொல்லும் வரைக்கும் கட்டு. தலைவனின் அம்மாதான் பெரும்பாலும் குறி சொல்லுகிறவள். இதைப் படித்தபோது எனக்கு ஆனைமலை மாசாணியம்மன் ஞாபகம்தான் வந்தது. படுத்த கோலத்தில் இருக்கிற அம்மன். களவு கொடுத்தவர்கள், ஏமாந்தவர்கள், ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் நடந்து கால் தேய்ந்தவர்கள் அங்கே போய் மிளகாய் அரைத்துப் பூசிவிட்டு வருவார்கள். அம்மனுக்கு எரியும், எரிச்சல் குற்றவாளியைத் தேடிப் போகும், நியாயம் கிடைத்தபிறகு திரும்ப வந்து குளிர வைக்க வேண்டும். மேல்கோர்ட்டு இல்லாத இடத்தில் சாமிதான் கோர்ட்டு. மலகாத்தை நான் கதைக்குள் கொண்டுவந்தால் நிச்சயம் ஒரு அம்மிக்கல்லும் வைப்பேன்.

ரத்தத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடித்தால் ஏமாற்று வேலை. ஓர்க் மதம் என்றாலே பலி, மண்டை ஓடு, கத்தல் என்று வரைகிற வழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டுக்கு வந்த பாதிரிமார்கள் சிலர் நம் ஊர்ச் சாமிகளைப் பற்றிப் பேய் வழிபாடு என்று எழுதின பக்கங்களுக்கும் அந்தப் படங்களுக்கும் பெரிய தூரம் இல்லை. பறை, தீ, கெடா, சாராயம், ஆவேசம். எழுதினவர்கள் பார்த்ததெல்லாம் நிஜம்தான், யாருக்காக எதற்காக என்று மட்டும் கேட்கவில்லை. வெளியாள் மட்டும் என்றும் சொல்ல முடியாது. கோயில்களில் ஆடு கோழி பலியிடுவதற்கு எதிராக 1950இலிருந்தே ஒரு சட்டம் இங்கே இருந்தது, 2003இல் அதைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தச் சொல்லி அரசு உத்தரவு போட்டது, ஊர் ஊராக முணுமுணுப்பு, 2004இல் சட்டத்தையே திரும்ப வாங்கினார்கள். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸிலும் இப்படி ஒரு திரும்ப வாங்கல் நடந்திருக்கிறது. ரொம்ப காலம் ஓர்க் என்றால் பிறவியிலேயே கெட்டவன் என்று விதிப்புத்தகத்தில் அச்சடித்திருந்தது, அவர்கள் சாமியே அப்படி என்பது அதற்குச் சாக்கு. 2024 பதிப்பில் விளையாடுகிறவர்கள் எடுத்துக்கொள்ளக்கூடிய இனங்களில் ஒன்றாக ஓர்க்கும் சேர்ந்தாகிவிட்டது. நல்லதுதான். ஆனால் கெட்டவன் என்கிற முத்திரையை அழிக்கிற வேகத்தில் சாமிகளையும் வெள்ளையடித்து, சண்டையே பிடிக்காத சாந்த சொரூபிகளாக ஆக்கிவிடுவார்களோ என்று எனக்கு ஒரு பயம். கெடா வெட்டுகிற சாமியைச் சர்க்கரைப் பொங்கல் சாமியாக மாற்றினால் மரியாதை கூடியதாக அர்த்தமில்லை, ஆளை மாற்றியதாகத்தான் அர்த்தம்.

கெடா வெட்டில் வெளியாள் எவனும் எழுதாத ஒரு சங்கதி இருக்கிறது. கெடாயைக் கொண்டுவந்து நிறுத்தி, மாலை போட்டு, மஞ்சள் தண்ணீரைத் தலையிலும் முதுகிலும் தெளிப்பார்கள். அப்புறம் எல்லோரும் சும்மா நிற்பார்கள். கெடாய் உடம்பைச் சிலிர்த்துத் துலுக்க வேண்டும். துலுக்கினால் சாமி ஏற்றுக்கொண்டது, இல்லாவிட்டால் வெட்டக் கூடாது. அந்தக் காத்திருப்பு சில சமயம் ஒரு நிமிசம், சில சமயம் அரைமணி. அரிவாளை ஓங்கத் தயாராக நிற்கிற ஆள், வேண்டுதல் வைத்த குடும்பம், பொங்கல் பானை, நூறு சனம், எல்லாமே ஒரு ஆட்டின் தோலைப் பார்த்துக்கொண்டு நிற்கும். யாராவது ஒருத்தர் மெதுவாக, "என்ன குத்தம் செஞ்சமோ" என்பார். கடன் பாக்கி, பேசாமல் இருக்கிற அண்ணன், மறந்துபோன வேண்டுதல் என்று அந்த நேரத்தில் குடும்பக் கணக்கெல்லாம் வெளியே வரும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே ஓர்க் குடியிருப்பை மறுபடி எடுத்தேன், பட்டியல் எழுதின தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு. ராத்திரி, குகை வாசல். கொள்ளைக்குக் கிளம்ப நாற்பது ஓர்க்குகள் ஈட்டியோடு நிற்கிறார்கள். ஒற்றைக்கண் கிழவி லூதிக்கின் கல்லுக்கு முன்னால் ஒரு மலையாட்டை நிறுத்தி, தண்ணீர் தெளித்துவிட்டு ஒதுங்குகிறாள். எல்லோரும் அமைதி. எங்கள் ஆட்கள் நாலு பேர் பாறை மறைவில் வில்லை நாண் ஏற்றிக் காத்திருக்கிறார்கள். துலுக்குகிறதா இல்லையா என்று நான் பகடை போட்டேன். 3. இல்லை. மறுபடி கொஞ்ச நேரம். 7. இல்லை. ஓர்க் தலைவனுக்கு வேர்க்கிறது, பின்னால் நிற்கிற ஒருத்தன் பழைய தலைவனுக்குச் சேர வேண்டிய பங்கு கொடுக்கவில்லை என்று முணுமுணுக்கிறான், கூட்டத்துக்குள் தள்ளுமுள்ளு ஆரம்பிக்கிறது. அதுவரை ஓர்க் என்றால் அம்பு விடுவதற்கு ஒரு குறி என்று மட்டும் நினைத்திருந்த என் மாமன் மகன், பகடையையே பார்த்துக்கொண்டு கேட்டான்: "துலுக்காட்டி?"

"துலுக்காட்டி இன்னிக்குச் சண்டை இல்ல மாப்ள. திரும்பிப் போயிருவாங்க."

"அப்ப நாம சுட வேண்டாம்டா. பொறு, பாக்கலாம்."

நடையில் கடலைக்காயைப் புடைத்துக்கொண்டிருந்த அம்முச்சி தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "காதுக்குள்ள ரெண்டு சொட்டுத் தண்ணி உடச் சொல்லு அந்தக் கெழவிய," என்றது. "துலுக்காம எங்க போயிரும்?"

கிழவி சொம்பைக் கையில் எடுத்தாள். நான் பகடையை எடுத்தேன்.